லினக்ஸ் சர்வரில் மொனேரோ மைனிங் ப்ராக்ஸி: ஷேர் எண்ணிக்கை பதினான்கில் ஒரு பங்காகக் குறைந்தது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் மூவர் சேர்ந்து நடத்தும் எங்கள் சிறிய அனிமேஷன் நிறுவனத்தில் ரெண்டரிங் வேலைக்காக வாங்கிய 14 கணினிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ரைசன் 5 3600 செயலியும் 16 ஜிபி நினைவகமும் உபுண்டு 22.04 இயங்குதளமும் உள்ளன. வேலை குறைந்திருக்கும் மாதங்களில், இரவு எட்டு மணி முதல் காலை ஏழு மணி வரை இவற்றை மொனேரோ மைனிங்கில், அதாவது கணக்கீடுகள் செய்து அந்த மின்னணு நாணயத்தை ஈட்டும் வேலையில், ஈடுபடுத்தலாம் என்று மூவரும் பேசி முடிவெடுத்து, எக்ஸ்எம்ரிக் மென்பொருளை ஒவ்வொரு கணினியிலும் நிறுவினோம். ஒரு கணினி ஏறத்தாழ நொடிக்கு 7 கிலோஹேஷ், அதாவது 7,000 கணக்கீடுகள், தருகிறது. பூலுடன், அதாவது பலருடைய மைனிங் உழைப்பைச் சேர்த்து வருமானத்தைப் பங்கிடும் சேவையுடன், நேரடியாக இணைத்திருந்தவரை எந்தச் சிக்கலும் இல்லை.

பூலை மாற்ற வேண்டி வந்தபோது 14 கணினிகளிலும் அமைவுக் கோப்பைத் தனித்தனியாகத் திருத்த நேர்ந்ததால், கணினிகளுக்கும் பூலுக்கும் நடுவில் நின்று வேலையை வாங்கிக் கொடுக்கும் ஒரு ப்ராக்ஸி நிரலை வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது. மாத வாடகைக்கு எடுத்த, 1 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள ஒரு மெய்நிகர் சர்வரில் எக்ஸ்எம்ரிக் ப்ராக்ஸியை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவினேன். அதன் அமைவுக் கோப்பில் பூல் முகவரியையும் எங்கள் பணப்பை முகவரியையும் எழுதியதைத் தவிர, வேறு எதையும் மாற்றவில்லை. கணினிகள் அனைத்தும் அந்தச் சர்வரின் 3333 போர்ட்டுக்கு இணைந்துவிட்டன. ஆனால் மூன்று விஷயங்கள் என்னைக் குழப்புகின்றன.

முதலாவது, ஷேர் எண்ணிக்கை. நேரடியாக இணைந்திருந்தபோது ஒரு கணினி ஓரிரவில் சுமார் 1,300 ஷேர்களை (வேலை செய்ததற்குச் சான்றாகப் பூலுக்கு அனுப்பும் விடைகளை) அனுப்பும். 14 கணினிகளுக்கும் சேர்த்துப் பதினெட்டாயிரத்துக்கு மேல் வரும். இப்போது ஒரு கணினிக்கு 90, 100 என்ற அளவில்தான் வருகிறது. நேற்று ஒன்றில் 78, இன்னொன்றில் 113. மொத்தமே 1,300தான். பூலின் பக்கத்திலும் ஒரேயொரு கணினி இணைந்திருப்பதாகவே காட்டுகிறது. ப்ராக்ஸி ஒரே வேலையைப் பதினான்கு பேருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்க, எல்லாரும் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு மின்சாரத்தை வீணாக்குகிறார்களோ என்பது என் அச்சம்.

இரண்டாவது, ப்ராக்ஸி சில நாட்கள் நள்ளிரவிலும் சில நாட்கள் விடியற்காலையிலும் எந்தப் பிழைச் செய்தியும் எழுதாமல் நின்றுவிடுகிறது. காலையில் வந்து பார்த்தால், எல்லாக் கணினிகளும் இணைப்புக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன. மைனிங் வழிகாட்டிகளில் சொல்லியிருந்தபடி சர்வரிலும் ஹியூஜ் பேஜஸ் (நினைவகத்தில் ஒதுக்கிவைக்கும் பெரிய பக்கங்கள்) எண்ணிக்கையை 1280 என்று அமைத்திருக்கிறேன். ஆகவே செயல்திறன் குறைபாடாக இருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, இணைப்புகளைப் பதிவு செய்யும் கோப்பில் எங்கள் அலுவலகத்துக்குத் தொடர்பே இல்லாத ஐபி முகவரிகள் நிறைய இருக்கின்றன. இவை யாருடையவை, இவற்றால் தீங்கு உண்டா என்று அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

முதல் கேள்விக்கான விடையை மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். மற்ற இரண்டையும் பிற நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். உங்கள் கணினிகள் ஒரே கணக்கைத் திரும்பப் போடவில்லை, உங்களுக்கு எந்த இழப்பும் ஏற்படவில்லை. நீங்கள் கொடுத்திருக்கும் எண்களே அதற்குச் சான்று.

முதலில் வேலை எப்படிப் பிரிகிறது என்பதைப் பார்ப்போம். பூல் அனுப்பும் ஒவ்வொரு வேலையிலும், மைனர் (மைனிங் செய்யும் நிரல்) தன் விருப்பப்படி மாற்றிப் பார்ப்பதற்கென்று நான்கு பைட் நீளமுள்ள நான்ஸ் என்ற இடம் ஒன்று உண்டு. நான்கு பைட் என்றால் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் வாய்ப்புகள். நீங்கள் மாற்றாமல் விட்ட இயல்பான அமைப்பில், எக்ஸ்எம்ரிக் ப்ராக்ஸி நைஸ்ஹாஷ் என்ற முறையில் இயங்குகிறது. அந்த முறையில் ப்ராக்ஸி நான்கு பைட்டுகளில் ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டு, தன்னிடம் இணைந்த ஒவ்வொரு மைனருக்கும் அந்த ஒரு பைட்டில் வெவ்வேறு மதிப்பை எழுதிக் கொடுத்துவிடுகிறது. மைனர் அதைத் தொடாமல் மீதியுள்ள மூன்று பைட்டுகளை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள் உண்டு என்பதால், பூலுடனான ஓர் இணைப்பின் கீழ் 256 மைனர்கள் வரை ஒருவர் வரப்பைத் தாண்டி மற்றவர் வயலுக்குள் போகாமல் வேலை செய்யலாம். 257ஆவது மைனர் வந்தால் ப்ராக்ஸி பூலுக்கு இரண்டாவது இணைப்பைத் திறக்கும். ஒரு லட்சம் மைனர்களைப் பூலின் பக்கத்தில் வெறும் 391 இணைப்புகளாகச் சுருக்கலாம் என்று அந்த மென்பொருளை உருவாக்கியவர்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மூன்று பைட் போதுமா என்ற ஐயம் எழக்கூடும். மூன்று பைட் என்பது 1,67,77,216 வாய்ப்புகள். நொடிக்கு 7,000 என்ற வேகத்தில் அதைத் தீர்க்க உங்கள் கணினிக்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். மொனேரோவில் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு தொகுதி (பிளாக்) உருவாகிறது. ஒவ்வொரு முறையும் பூல் புதிய வேலையை அனுப்பிவிடும். ஆகவே யாரும் தன் பங்கைத் தீர்த்துவிட்டுச் சும்மா இருக்கும் நிலை உங்கள் அலுவலகத்தில் வராது. ஒரேயொரு எச்சரிக்கை உண்டு. எக்ஸ்எம்ரிக் மைனர் இந்த முறையைத் தானாகவே புரிந்துகொண்டு அந்த ஒரு பைட்டைத் தொடாமல் விட்டுவிடும். வேறு மைனர் மென்பொருள் எதையாவது பயன்படுத்தினால் அதில் நைஸ்ஹாஷ் ஆதரவை நாமே இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தன் எல்லையை மீறி எழுதும். ப்ராக்ஸியும் நான்ஸ் செல்லாது என்று சொல்லி அந்த ஷேர்களைத் திருப்பியடிக்கும். உங்கள் பதிவேட்டில் அப்படிப்பட்ட மறுப்புகள் இல்லையென்றால் கவலைப்பட எதுவுமில்லை.

இனி எண்ணிக்கை குறைந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். ஓர் இணைப்பிலிருந்து ஷேர்கள் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வரும்படி, அந்த இணைப்பின் வேகத்துக்கு ஏற்பப் பூல் கடினத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஒரு ஷேரின் கடினம் என்பது அதைக் கண்டுபிடிக்கச் சராசரியாக எத்தனை ஹேஷ்கள் போட வேண்டும் என்பதன் அளவு. முன்பு ஓரிரவின் 11 மணி நேரத்தில், அதாவது 39,600 நொடிகளில், ஒரு கணினி 1,300 ஷேர்களை அனுப்பியது என்கிறீர்கள். அப்படியானால் சராசரியாக 30 நொடிக்கு ஒன்று; 7,000 ஹேஷ் வேகத்தில் 30 நொடி என்றால் பூல் கொடுத்த கடினம் சுமார் 2,10,000. இப்போது பூலின் கண்ணுக்கு 14 கணினிகளும் நொடிக்கு 98 கிலோஹேஷ் வேகமுள்ள ஒரே பெரிய கணினியாகத் தெரிகின்றன. அந்த ஒரே இணைப்பிலிருந்து 30 நொடிக்கு ஒரு ஷேர் வர வேண்டுமென்றால் கடினத்தை 29,40,000 ஆக உயர்த்த வேண்டும். பூல் அதைத்தான் செய்திருக்கிறது. அந்தக் கடினத்தில் உங்கள் ஒரு கணினிக்கு ஷேர் கிடைக்கச் சராசரியாக 420 நொடிகள் ஆகும். 39,600 நொடிகளை 420ஆல் வகுத்துப் பாருங்கள். 94 என்று வரும். நீங்கள் கண்ட எண் அதுவே.

ஷேர்களின் எண்ணிக்கை பதினான்கில் ஒரு பங்காகக் குறைந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு ஷேரின் எடை பதினான்கு மடங்காகிவிட்டது. பூல் பணம் கொடுப்பது எண்ணிக்கையைப் பார்த்து அல்ல, எண்ணிக்கையைக் கடினத்தால் பெருக்கி வரும் தொகையைப் பார்த்து. சில்லறையாக வாங்கிக்கொண்டிருந்த கூலியை இப்போது நோட்டாக வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

78க்கும் 113க்கும் இடையிலான வேறுபாட்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷேர் கிடைப்பது முழுக்க முழுக்கத் தற்செயல். இப்படிப்பட்ட எண்ணிக்கைகளில் இயல்பான ஏற்ற இறக்கம் அந்த எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டியிருக்கும். 94இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 10. ஆகவே 14 கணினிகளில் ஒன்றிரண்டு இருபது எண் கூடியோ குறைந்தோ நிற்பது எதிர்பார்க்க வேண்டியதே. அதை வைத்து எந்தக் கணினியையும் பழுதென்று கழற்றிவிடாதீர்கள்.

மறுமொழி 2

மேலே நண்பர் எழுதியதைப் படித்த பிறகு முதல் கேள்வியில் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. இரண்டாவது கேள்விக்கான விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆனால் அதைக் காரணமாகப் பார்க்காமல் பரிகாரமாகப் பார்க்கிறீர்கள். சர்வரில் ஹியூஜ் பேஜஸ் எண்ணிக்கையை 1280 ஆக்கியதுதான் ப்ராக்ஸியைக் கொல்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மொனேரோ 2019 நவம்பர் 30 முதல் பயன்படுத்தும் ரேண்டம்எக்ஸ் கணக்கீட்டுக்கு 2 ஜிபியைச் சற்றே தாண்டிய ஒரு பெரிய தரவுத்தொகுதி நினைவகத்தில் இருக்க வேண்டும். மைனர் அதற்குள் கண்டபடி தாவித் தாவிப் படிப்பதால், நினைவகத்தை வழக்கமான 4 கேபி பக்கங்களாக இல்லாமல் 2 எம்பி அளவுள்ள பெரிய பக்கங்களாக ஒதுக்கிவைத்தால் வேகம் நன்றாகக் கூடும். வழிகாட்டிகள் 1280 என்று சொல்வது அதற்காகத்தான். அது ஹேஷ் போடும் கணினிக்கு உரிய அறிவுரை. ப்ராக்ஸி ஒரு ஹேஷ் கூடப் போடுவதில்லை. அது செய்திகளை இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கும் வேலையைத்தான் செய்கிறது. அதற்கு ஹியூஜ் பேஜஸ் தேவையில்லை, செயலியின் உள் அமைவுகளை மாற்றும் எம்எஸ்ஆர் திருத்தங்களும் தேவையில்லை.

1280 பக்கங்கள் என்றால் 2,560 எம்பி. உங்கள் சர்வரில் மொத்தமே 1 ஜிபிதான் உள்ளது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த எண்ணை முழுமையாக நிறைவேற்ற முடியாது என்பதால், கையில் கிடைத்தவரை எடுத்துப் பூட்டி வைத்துவிடும். அப்படிப் பூட்டிய இடத்தைச் சாதாரண நிரல்கள் தொட முடியாது. மீதமிருக்கும் சிறிதளவு இடத்தில் ப்ராக்ஸி மூச்சுத்திணறி ஓடிக்கொண்டிருக்கும். உபுண்டு தன் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் வேலையை நாள்தோறும் வெவ்வேறு நேரத்தில் தானாகத் தொடங்கும். அது தொடங்கியவுடன் நினைவகம் தீர்ந்துபோக, கெர்னல் ஏதாவதொரு நிரலைக் கொன்று இடம் தேடிக்கொள்ளும். ஒரு நாள் நள்ளிரவு, ஒரு நாள் விடியற்காலை என்று நேரம் மாறுவதற்கும், ப்ராக்ஸியின் பதிவேட்டில் ஒரு சொல்கூட இல்லாததற்கும் இதுவே விளக்கம். கொல்லப்படும் நிரலுக்குக் கடைசிச் சொல் எழுத வாய்ப்பில்லை. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கெர்னல் செய்திகளை மட்டும் காட்டும்படி கேட்டால், நினைவகம் போதாமல் கொன்ற குறிப்பு அங்கே கிடைக்கும். ப்ராக் அடைவிலுள்ள மெம்இன்ஃபோ கோப்பில் எத்தனை பெரும்பக்கங்கள் பூட்டப்பட்டுள்ளன என்பதையும் பாருங்கள். சிஸ்சிடிஎல் அமைவில் நீங்கள் சேர்த்த அந்த வரியை நீக்கிவிட்டு, சர்வரை ஒருமுறை மறுபடி தொடங்குங்கள்.

அதோடு, ப்ராக்ஸியைக் கட்டளைச் சாளரத்தில் திறந்து வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் அந்த வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். அதற்கென்று கடவுச்சொல்லோ உள்நுழைவு உரிமையோ இல்லாத ஒரு தனிப் பயனரை உருவாக்கி, அந்தப் பயனரின் பெயரில் சிஸ்டம்டி சேவையாக, அதாவது லினக்ஸ் தானே தொடங்கிக் கண்காணிக்கும் பின்னணி நிரலாக, அமையுங்கள். சேவைக் கோப்பில், எப்போது நின்றாலும் சில நொடிகள் கழித்துத் திரும்பத் தொடங்கும்படியும், வலையமைப்பு தயாரான பிறகே தொடங்கும்படியும் எழுத வேண்டும். திறந்த கோப்புகளின் உச்சவரம்பை உயர்த்தச் சொல்லி எல்லா வழிகாட்டிகளும் வற்புறுத்தும்; ஒவ்வோர் இணைப்பும் ஒரு கோப்பாகக் கணக்கிடப்படுவதாலும் லினக்ஸில் இயல்பான வரம்பு 1,024 என்பதாலும் ஆயிரக்கணக்கான மைனர்களை வைத்திருப்பவர்களுக்கு அது இன்றியமையாதது. 14 கணினிகளுக்கு அது பொருட்டே அல்ல. ஆயினும் சேவைக் கோப்பில் அதற்கென ஒரு வரி எழுதி வைப்பதில் தவறில்லை.

கணினிகளின் பக்கத்திலும் ஒரு காப்பு வேண்டும். ஒவ்வொரு மைனரின் பூல் பட்டியலிலும் ப்ராக்ஸியை முதலாவதாகவும் உண்மையான பூலை இரண்டாவதாகவும் எழுதி வைத்தால், ப்ராக்ஸி நின்ற இரவுகளில் கணினிகள் கைகட்டிக் காத்திருக்காமல் நேரே பூலுக்குச் சென்றுவிடும். ப்ராக்ஸி எழுந்தவுடன் தாமாகவே திரும்பி வரும். ப்ராக்ஸியின் அமைவுக் கோப்பிலும் இதேபோல் இரண்டாவது பூல் ஒன்றைச் சேர்க்கலாம்.

மறுமொழி 3

மூன்றாவது கேள்விதான் இங்கே மிக அவசரமானது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்களே என்ற ஆதங்கத்துடன் எழுதுகிறேன். இயல்பான அமைவுக் கோப்பில் ப்ராக்ஸி எல்லா வலை இடைமுகங்களிலும் 3333 போர்ட்டில் காத்திருக்கும். பொது இணையத்தில் இருக்கும் ஒரு சர்வரில் அப்படி விட்டால், உலகில் யார் வேண்டுமானாலும் அதில் இணையலாம். 3333 என்பது மைனிங் மென்பொருள்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் எண் என்பதால், அதைத் தேடி அலையும் தானியங்கி நிரல்கள் ஏராளம். 2018 ஜனவரியில் சடோரி என்ற தீநிரலின் ஒரு வடிவம் இதே போர்ட்டைத் தேடிச் சென்று, அப்போது பலர் எத்தேரியத்துக்குப் பயன்படுத்திய கிளேமோர் மைனரின் தொலைமேலாண்மை வசதிக்குள் நுழைந்து, பூல் முகவரியையும் பணப்பை முகவரியையும் மாற்றி வைத்தது. வேலை செய்தது ஒருவரின் கருவி, பலன் போனது இன்னொருவருக்கு.

உங்கள் பதிவேட்டில் உள்ள முகவரிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட தேடலாகவே இருக்கும். ஆனால் யாராவது உண்மையிலேயே மைனரை இணைத்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். ப்ராக்ஸி பூலிடம் உங்கள் பணப்பை முகவரியை மட்டுமே சொல்லும். எனவே அந்நியரின் உழைப்பும் உங்கள் கணக்கில்தான் சேரும். இலவசமாக வருகிறதே என்று எண்ணிவிடக் கூடாது. அந்த மைனர், களவாகப் பிடிக்கப்பட்ட யாரோ ஒருவரின் மருத்துவமனைக் கணினியிலோ பள்ளிக்கூடக் கணினியிலோ ஓடிக்கொண்டிருக்கலாம். பாதிக்கப்பட்டவர் அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால், அது உங்கள் சர்வரின் வாசலில் வந்து நிற்கும். அத்தகைய புகார் வரும் பணப்பை முகவரிகளைப் பூல்கள் தடை செய்வது வழக்கம். பிறருடைய கணினியை அவர்களுக்குத் தெரியாமல் மைனிங்குக்குப் பயன்படுத்துவது திருட்டு. அதற்கு நம் ப்ராக்ஸி அறியாமல்கூடத் துணைபோகக் கூடாது.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியவை இவை. யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில், உள்ளே வரும் எல்லாவற்றையும் மறுப்பதை இயல்பாக வைத்து, முதலில், சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் உங்கள் எஸ்எஸ்ஹெச் இணைப்புக்கு அனுமதி கொடுங்கள். அதை மறந்துவிட்டு ஃபயர்வாலை இயக்கினால் நீங்களே வெளியில் நிற்க நேரிடும். பிறகு ப்ராக்ஸியின் போர்ட்டுக்கு உங்கள் அலுவலக ஐபி முகவரியிலிருந்து மட்டும் அனுமதி கொடுங்கள். அமைவுக் கோப்பில் ஆக்சஸ்-பாஸ்வேர்ட் என்ற இடத்தில் ஒரு நீண்ட கடவுச்சொல்லை எழுதி, அதையே ஒவ்வொரு மைனரின் பாஸ் பகுதியிலும் எழுதுங்கள். கணினிகளின் பெயரை ரிக்-ஐடி பகுதியில் தனித்தனியாகக் கொடுத்து, வொர்க்கர்ஸ் என்ற அமைவிலும் ரிக்-ஐடி என்றே குறிப்பிட்டால், எந்தக் கணினி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ப்ராக்ஸி பெயர் சொல்லிக் காட்டும். பூலின் பக்கத்தில் இழந்த அந்தப் பட்டியல் இப்படி உங்கள் கைக்கு வந்துவிடும். நிலவரத்தைக் காட்டும் எச்டிடிபி வசதியை இயக்கினால், அதை 127.0.0.1 முகவரியில் (சர்வருக்குள்ளிருந்து மட்டும் எட்டக்கூடியது) மட்டும் வைத்து, எஸ்எஸ்ஹெச் வழியாகப் போய்ப் பாருங்கள். கட்டுப்பாடில்லாமல் அதைப் பொது இணையத்தில் திறந்துவிட்டால், அமைவுக் கோப்பையே வெளியிலிருந்து மாற்ற முடியும்.

இவற்றையெல்லாம் எழுதிய பிறகு ஓர் அடிப்படையான கேள்வியைக் கேட்கிறேன். 14 கணினிகளும் ஒரே அலுவலகத்தில் இருக்கும்போது, ப்ராக்ஸி ஏன் வெளியிலுள்ள வாடகைச் சர்வரில் இருக்க வேண்டும்? அலுவலகத்தின் உள்வலையில், பயன்பாட்டில் இல்லாத பழைய மடிக்கணினி ஒன்றில் அதை ஓட்டினாலே போதும். ஷேர் நேராகப் பூலுக்குப் போகாமல் எங்கோ உள்ள சர்வரைச் சுற்றிக்கொண்டு போகும் தாமதம் மிச்சமாகும். புதிய வேலை வருவதும் அந்த அளவுக்கு விரைவாகும். பொது இணையத்துக்குத் திறந்த போர்ட் என்பதே இராது. வாடகைச் சர்வர் நிறுவனங்கள் பலவும் தம் ஒப்பந்தத்தில் மைனிங்கைத் தடை செய்திருக்கின்றன. ப்ராக்ஸி ஹேஷ் போடுவதில்லை என்று நாம் வாதிடலாம், ஆனால் மைனருக்கும் பூலுக்கும் இடையிலான ஸ்ட்ராட்டம் செய்திகள் கடந்துபோவதைப் பார்த்தவுடன் கணக்கை முடக்கிவிட்டுப் பிறகு விளக்கம் கேட்பவர்களும் உண்டு. எனக்கு ஒருமுறை அப்படி நேர்ந்தது; அதே சர்வரில் இருந்த ஒரு நண்பரின் கடைக்கான தளமும் சேர்ந்து இரண்டு நாட்கள் முடங்கியது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெறாமல் வெளிச் சர்வரில் இதை வைக்காதீர்கள்.

மறுமொழி 1 எழுதியவர்

மூன்றாம் மறுமொழியோடு முழுமையாக உடன்படுகிறேன். கணினி வாரியாகக் கண்காணிப்பதைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ஏழு நிமிடத்துக்கு ஒரு ஷேர் என்றால், ஒரு கணினி மெதுவாகிவிட்டதா என்று கண்டறியப் பல இரவுகள் ஆகும். இதற்காகவே கஸ்டம்-டிஃப் என்ற அமைவு இருக்கிறது. அதில் 2,10,000 என்று எழுதினால், ப்ராக்ஸி உங்கள் கணினிகளிடம் பழைய எளிய கடினத்தையே கேட்கும். அவை 30 நொடிக்கு ஒன்றாக அனுப்புபவற்றில் பூலின் கடினத்தை எட்டியவற்றை மட்டும் மேலே அனுப்பிவிட்டு, மற்றவற்றைத் தன்னளவில் ஏற்றுக்கொள்ளும். வருமானத்தில் ஒரு மாற்றமும் இராது. கஸ்டம்-டிஃப்-ஸ்டாட்ஸ் என்பதையும் சேர்த்து இயக்கினால்தான் அந்த எளிய ஷேர்கள் கணக்கில் வரும் என்பதை மறக்க வேண்டாம். 1,320 ஷேர்களின் வர்க்கமூலம் 36 என்பதால், ஓரிரவிலேயே நூறு ஷேர் வேறுபாட்டை நம்பிக்கையுடன் கவனிக்கலாம்.

சிம்பிள் என்ற இன்னொரு முறையும் ப்ராக்ஸியில் உண்டு. அதில் ஒவ்வொரு மைனருக்கும் பூலுடன் தனி இணைப்பு திறக்கப்படும் என்பதால் கடினம் உயராது. நைஸ்ஹாஷ் முறைக்கு இணங்காத பூலோ மைனரோ வாய்த்தவர்களுக்கு அது வேண்டும், உங்களுக்குத் தேவையில்லை.

மறுமொழி 4

அலுவலக உள்வலையில் ஒரு பழைய கணினியை எப்படியும் வைக்கப் போகிறீர்கள் என்றால், அதில் ப்ராக்ஸிக்குப் பதிலாகப் பி2பூல் வைப்பதைப் பற்றியும் யோசிக்கும்படி வேண்டுகிறேன். 2022 தொடக்கத்தில் மைன்எக்ஸ்எம்ஆர் என்ற ஒரேயொரு பூல் மொனேரோ வலையமைப்பின் மொத்தத் திறனில் 40 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருந்தது. அது அவ்வாண்டு ஆகஸ்டில் மூடப்படும்வரை, பாதியைத் தாண்டிவிடுமோ என்ற கவலை மொனேரோ சமூகத்தில் பலருக்கும் இருந்தது. 2021 அக்டோபரில் வெளிவந்த பி2பூல், நடுவில் யாருமில்லாமல் மைனர்களே தங்களுக்குள் கணக்கு வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அதில் கட்டணம் கிடையாது. தொகுதி கிடைத்தவுடன் பங்கு நேரே நம் முகவரிக்கு வந்துவிடும்.

பி2பூல் தானே 3333 போர்ட்டில் ஸ்ட்ராட்டம் சேவையைத் தருகிறது. 14 கணினிகளும் அதற்கு நேராக இணைந்துகொள்ளலாம், தனி ப்ராக்ஸி வேண்டியதில்லை. பூலை மாற்ற 14 கோப்புகளைத் திருத்த வேண்டியிருந்தது என்ற உங்கள் தொடக்கச் சிக்கலும் இதில் எழாது. ஆனால் அந்தக் கணினியில் மொனேரோவின் முழு முனையமும், அதாவது பரிவர்த்தனைப் பதிவேடான சங்கிலியைத் தன்னிடமே வைத்துச் சரிபார்க்கும் நிரலும், ஓட வேண்டும். சங்கிலியைக் கத்தரித்த வடிவில் வைத்தால் முழு அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடம் போதும். எஸ்எஸ்டி வட்டு கட்டாயம் வேண்டும். முனையத்தின் 18083 போர்ட்டில் செய்தி வெளியிடும் வசதியை இயக்கினால்தான் பி2பூல் புதிய தொகுதிகளை உடனுக்குடன் அறியும். பணப்பையின் முதன்மை முகவரியை, அதாவது 4 என்ற எண்ணில் தொடங்கும் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் 8இல் தொடங்கும் துணைமுகவரி ஏற்கப்படாது. 98 கிலோஹேஷ் அளவுக்கு மினி என்ற சிறிய கிளைச்சங்கிலி பொருத்தமாக இருக்கும். பி2பூலில் எல்லாப் பங்கும் பொதுச்சங்கிலியில் வெளிப்படையாகப் பதிவாகும் என்பதால், மைனிங்குக்கென்று தனிப் பணப்பையை வைத்துக்கொள்வது நல்லது.

கேட்டவர்

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு இரவுகள் கழித்து, நடந்ததை எழுதுகிறேன். கெர்னல் செய்திகளில், கடந்த இரண்டு வாரங்களில் ஆறு முறை நினைவகம் போதாமல் ப்ராக்ஸி கொல்லப்பட்ட குறிப்பு இருந்தது. வாடகைச் சர்வரை அன்றே நிறுத்திவிட்டேன். அலுவலகத்தில் சும்மா கிடந்த 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி ஒன்றில் ப்ராக்ஸியை சிஸ்டம்டி சேவையாக அமைத்து, உள்வலை முகவரியில் மட்டும் காத்திருக்கும்படி செய்து, கடவுச்சொல்லும் வைத்தாயிற்று. நான்கு இரவுகளிலும் ஒருமுறைகூட நிற்கவில்லை.

கஸ்டம்-டிஃப் அமைத்த முதல் இரவிலேயே ஒரு பலன் கிடைத்தது. 13 கணினிகள் 1,270க்கும் 1,380க்கும் இடையில் நின்றன. ஒன்றேயொன்று மட்டும் 1,050இல் நின்றது. மறுநாளும் அப்படியே. அந்தக் கணினியின் மைனர் தொடங்கும்போது எழுதும் வரிகளைப் பார்த்தேன். ஹியூஜ் பேஜஸ் ஒதுக்கீடு பூச்சியம் விழுக்காடு என்று இருந்தது. சில மாதங்களுக்கு முன் வட்டு பழுதாகி இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியபோது அந்த வரியைச் சேர்க்க மறந்திருக்கிறோம். வேண்டாத சர்வரில் 1280 என்று எழுதிய நான், வேண்டிய கணினியில் எழுதவில்லை. சரிசெய்தவுடன் அதுவும் மற்றவற்றோடு சேர்ந்துவிட்டது.

பி2பூல் யோசனை எங்கள் மூவருக்கும் பிடித்திருக்கிறது. அடுத்த மாதம் ஒரு எஸ்எஸ்டி வாங்கியபின் அதே மடிக்கணினியில் முனையத்தை ஏற்றிப் பார்க்கிறோம். அப்போது ப்ராக்ஸியை முழுவதுமாக எடுத்துவிடலாமா, அல்லது பி2பூல் நின்றால் பழைய பூலுக்குப் போகும் மாற்றுவழியாக வைத்திருக்கலாமா?

மறுமொழி 2 எழுதியவர்

எடுத்துவிடுங்கள். மைனர்களின் பூல் பட்டியலில் பி2பூலை முதலாவதாகவும் பழைய பூலை இரண்டாவதாகவும் எழுதினாலே அந்த மாற்றுவழி கிடைத்துவிடும். 3333 போர்ட்டை இரண்டு சேவைகளும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது என்பதால், பி2பூலைத் தொடங்கும் முன் ப்ராக்ஸி சேவையை நிறுத்துவதோடு நில்லாமல், மடிக்கணினி மறுபடி தொடங்கும்போது அது தானாக எழாதபடி முடக்கியும் வையுங்கள்.